கறிவேப்பிலை மரத்து வேஷக்காரி

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? "ஆண்டாள்" என்பீர்கள். அடுத்த வீட்டு மாமியைக் கேட்டால் "பால்கோவா" என்பார். ராஜபாளையம் என்றால்? நாய் என்பார் ஒருவர். மாம்பழம் என்பார் இன்னொருவர். பஞ்சாலை என்பார் மூன்றாமவர். போன கார்த்திகை வரையில் எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது இந்த இரண்டு ஊர்களின் பெயரையும் யாராவது சொன்னால், எனக்கு ஒரு கறிவேப்பிலை மரம்தான் கண் முன்னே வந்து நிற்கிறது.

அந்த மரத்தடிக்கு உங்களை அழைத்துப் போவதற்கு முன்னால், ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

கல்லூரியில் படித்த நாளில் ஒரு போட்டோப் போட்டிக்காக வண்ணத்துப்பூச்சி ஒன்றைப் படம் எடுத்தேன். கறுப்புச் சிறகு, பின் சிறகில் குங்குமப் பொட்டுகள் போல வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். இதழோரத்து மயிர்க்காம்பு கூடத் தெரிகிற அளவுக்கு அத்தனை துல்லியம்! முதல் பரிசு கிடைத்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினாள். வருகிறவர்கள் எல்லாரும் "எப்படி அம்மா இவ்வளவு கிட்டத்தில் போய் எடுத்தாய்? அது பறந்துவிடவில்லையா?" என்று கேட்பார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

அது பறக்கவில்லை. பறக்க முடியவில்லை. பூச்சியைக் குளிர வைத்தால் அசையாமல் இருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, அதைப் பிடித்து ஒரு டப்பாவில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்திருந்தேன். பத்து நிமிஷம் என்று நினைத்தேன். தோழி ஒருத்தி வந்து பேச்சுக் கொடுத்ததில் நேரம் போனதே தெரியவில்லை. வெளியே எடுத்து, பூவில் உட்கார வைத்துப் படம் எடுத்தேன். வெயிலில் வைத்தேன், ஊதிப் பார்த்தேன். அது எழுந்திருக்கவே இல்லை.

பன்னிரண்டு வருஷமாக அந்தப் படம் கூடத்தில் தொங்குகிறது. யாரிடமும் நான் சொன்னதில்லை. இந்தப் பிரயாணத்தை ஆசிரியர் ஒப்படைத்தபோது, "மலையடிவாரத்து வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை, கூடவே நல்ல படம் ஒன்று" என்றார். எனக்குள் நான் சொல்லிக்கொண்டது: "அதே பூச்சியை, உயிரோடு, அதன் இஷ்டப்படி இருக்கும்போது எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் கூடத்துப் படத்தைக் கழற்றிவிடலாம்."

மலை வந்து எழுப்பிற்று

சென்னையிலிருந்து இரவு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன். விருதுநகரும் சிவகாசியும் தூக்கத்தில் போய்விட்டன. ஜன்னலைத் திறந்தபோது வலது பக்கம் முழுவதையும் மேற்குத் தொடர்ச்சி மலை அடைத்துக்கொண்டு நின்றது. மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். மலை இடுப்பில் மேகம் ஈரத் துணி போலச் சுற்றிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கோபுரம் தெரிந்தது. பதினோரு நிலை, 192 அடி உயரம். ஊருக்குள் எங்கே நின்றாலும் அந்தக் கோபுரம் உங்களை விடாது.

ஸ்டேஷனுக்குப் பெரியம்மாவே வந்திருந்தார். எழுபத்திரண்டு வயது, குடையும் கையுமாக நின்றார்.

"ஏண்டி, பூச்சியைப் படம் பிடிக்கவா இவ்வளவு தூரம் வந்தே? எங்க வீட்டிலே வந்து பாரு, கறிவேப்பிலை மரம் பூராப் புழு! ஒரு ரசத்துக்குக் கிள்ள இலை மிஞ்சலை. ஞாயிற்றுக்கிழமை மருந்தடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

அன்று வெள்ளிக்கிழமை. அந்தப் பேச்சை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காட்டைத் தேடி வந்தவளுக்குக் கொல்லைப்புறத்துப் புழு ஒரு பொருட்டா?

குளித்துவிட்டுக் கோவிலுக்குப் போனோம். ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைக் கவனித்திருக்கிறீர்களா? மாதுளம்பூவை மூக்காக்கி, இலைகளை உடலும் சிறகுமாக மடித்து, தினம் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒரு நாள் இருந்த கிளி மறு நாள் இல்லை. இலை கிளியாக நடிக்கிற ஊர் இது. அந்த நினைப்பு இரண்டு நாள் கழித்து எனக்கு எப்படித் திரும்பி வரப் போகிறது என்று அப்போது தெரியாது.

"இது வேறே ஆள், அம்மா!"

பெரியம்மாவின் தெருவில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருஷமாக இந்த மலையடிவாரத்தில் பூச்சி, பறவை, செடி என்று அலைந்து குறிப்பெடுப்பவர். அவரிடம் என் செல்போனில் இருந்த அந்தப் பழைய படத்தைக் காட்டி, "சார், இந்தச் சிவப்புடல் அழகி இங்கே எங்கே கிடைக்கும்?" என்று கேட்டேன். பரிசுப் பத்திரத்தில் கூட அந்தப் பெயரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார்.

"சிவப்புடல் அழகி என்று பெயர் வைத்திருக்கிறார்களே, உடம்பைப் பார்த்தீர்களா? இந்தப் படத்தில் உடம்பு கறுப்பு. இது வேறே ஆள், அம்மா! வேஷம் போட்ட கறிவேப்பிலை அழகி."

பன்னிரண்டு வருஷத்துப் பொய்யில் இன்னொரு பொய் ஒளிந்திருந்தது!

கதை இதுதான். சிவப்புடல் அழகி என்பது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிற வண்ணத்துப்பூச்சி. அது புழுவாக இருக்கும்போது தின்பது ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளை. பெயரே சொல்கிறதே, ஆடு கூடத் தீண்டாத செடி என்று! அந்த இலையில் இருக்கும் நஞ்சு புழுவின் உடம்பில் தங்கி, சிறகு முளைத்த பிறகும் போவதில்லை. ஒரு தரம் கொத்திப் பார்த்த பறவை மறு தரம் அந்தச் சிவப்பும் கறுப்பும் இருக்கிற பக்கமே திரும்பாது.

கறிவேப்பிலை அழகிக்கு அப்படி எந்த நஞ்சும் கிடையாது. அது வளர்வது கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் நாரத்தையிலும். பறவைக்கு நல்ல விருந்து. ஆகவே பெண் பூச்சி என்ன செய்கிறது? நஞ்சுள்ளவளின் சேலையை உடுத்திக்கொண்டு நடமாடுகிறது! அதிலும் ஒரே மாதிரி இல்லை. சில பெண்கள் சிவப்புடல் அழகியைப் போல இருக்கும். சில ரோஜா அழகி என்ற இன்னொரு நஞ்சுப் பூச்சியைப் போல இருக்கும். சில வேஷமே போடாமல், ஆணைப் போலவே கறுப்பில் வெள்ளைப் புள்ளியோடு இருக்கும். ஆண்கள் வேஷம் போடுவதே இல்லை.

மூன்று விதமாகத் தெரிகிற இந்தப் பெண்கள் ஒரே ஜாதிதான் என்பதை ஆல்பிரெட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கில விஞ்ஞானி 1865-ஆம் ஆண்டிலேயே எடுத்துச் சொன்னார். இந்த வேஷத்தைப் பின்னின்று நடத்துவது ஒரே ஒரு மரபணு என்று 2014-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஆணா, பெண்ணா என்று தீர்மானிக்கிற வேலையில் பங்குள்ள மரபணுவே, சிறகுக்கு எந்தச் சேலை என்பதையும் தீர்மானிக்கிறதாம்!

"சிறகைத்தான் மாற்றிக்கொள்ள முடிகிறது, உடம்பைச் சிவப்பாக்க அதற்குத் தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பறவைக்கு அவ்வளவு கிட்டே போய்ப் பார்க்க ஏது பொறுமை?" என்றார் ஆசிரியர்.

கிட்டே போய்ப் பார்ப்பது! அதற்குத்தானே நான் லென்ஸோடு வந்திருக்கிறேன்?

ஒரு மில்லிமீட்டர் உலகம்

மறு நாள் சனிக்கிழமை விடியும் முன்பே ராஜபாளையத்துக்குக் கிளம்பினோம். பதினைந்து கிலோமீட்டருக்குள்தான். மில் வாசல்களில் ஷிப்ட் மாறிச் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் புறப்பட்டுக்கொண்டிருந்தன. ஊரைத் தாண்டி மேற்கே அய்யனார் கோவில் பாதையில் திரும்பியதும் சத்தம் அடங்கியது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, தென்னந்தோப்பு, எதிரே மலை. ஆற்றில் தண்ணீர் அதிகம் வந்தால் மேலே யாரையும் விடமாட்டார்கள். அன்றைக்கும் விடவில்லை. பரவாயில்லை, எங்களுக்கு வேண்டியது அருவி அல்ல, ஈர மணல்.

ஓடைக் கரையில் ஓர் ஈர மணல் திட்டு. அதில் காற்றில் சிதறிய காகிதம் போல ஐம்பது, அறுபது வண்ணத்துப்பூச்சிகள்! கொன்றை மரத்தில் வளர்ந்த மஞ்சள் வெள்ளைக்காரர்கள், நீல வரியன்கள், பெயர் தெரியாத குட்டிகள். எல்லாம் மணலில் உறிஞ்சு குழலை ஊன்றிக் குடித்துக்கொண்டிருந்தன. இவை பெரும்பாலும் ஆண்கள். பூந்தேனில் உப்புச் சத்து மிகக் குறைவு. அதனால் மணலில் கரைந்திருக்கும் உப்பைக் குடித்துச் சேர்க்கின்றன. சேர்த்ததில் ஒரு பங்கைக் கூடும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அது முட்டைகளுக்குப் போய்ச் சேர்கிறது. சம்பளக் கவரை வீட்டில் கொடுக்கிற புருஷர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

காமிராவை எடுத்துக்கொண்டு முழங்காலில் தவழ்ந்தேன். பூச்சியை உள்ளபடி பெரிதாக எடுக்கிற மாக்ரோ லென்ஸ் ஒன்று, 100 மில்லிமீட்டர் நீளத்தது, கடன் வாங்கி வந்திருந்தேன். இதன் விசேஷம் என்னவென்றால், பூச்சி எத்தனை பெரிதோ அத்தனை பெரிதாகவே காமிராவுக்குள் பிம்பம் விழும். இதன் தொல்லையும் அதுதான். அவ்வளவு கிட்டத்தில் போனால், துவாரத்தைச் சுருக்கினாலும், தெளிவாகத் தெரிவது ஓரிரு மில்லிமீட்டர் ஆழம்தான். கண் தெளிவாக இருந்தால் உணர்கொம்பு மங்கல். நீங்கள் மூச்சு விட்டால் கண்ணும் மங்கல்! குவியத்தைத் திருகுவதில் பயனில்லை. உடம்பையே மயிரிழை முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். சிறகும் காமிராவின் முதுகும் இணையாக இருந்தால்தான் சிறகு முழுவதும் தெளியும்.

அன்று 214 படம் எடுத்தேன். பார்க்கும்படியாக இருந்தவை மூன்று. மீதியெல்லாம் பூச்சி இருந்த இடத்தின் மணல்!

ஆசிரியர் ஒரு பாறையில் உட்கார்ந்து என் தோல்வியை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றே விஷயம் சொன்னார். "உங்கள் நிழல் அதன் மேலே விழக் கூடாது. நின்றுகொண்டு போகாதீர்கள், தாழ்ந்து, நேர் கோட்டில், மெதுவாகப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வெயிலுக்கு முன்னால் வாருங்கள். உடம்பு முப்பது டிகிரி போலச் சூடேறினால்தான் அதனால் சரியாகப் பறக்க முடியும். காலையில் அது உங்களை விட்டுப் போகாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் தலைக்கு மேலே, மர உச்சி உயரத்தில், ஒரு சின்னப் பறவை போலப் பொன் மஞ்சள் சிறகு ஒன்று மிதந்து போயிற்று. பொன்னழகி! 190 மில்லிமீட்டர் வரை அளந்திருக்கிறார்கள். 1932 முதல் இந்தியாவின் மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி என்ற பட்டம் அதற்கு இருந்தது. 2020-இல் இமயமலையில் அளந்த அதன் உறவுக்காரி ஒன்று நான்கு மில்லிமீட்டரில் அந்தப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று. காமிராவை உயர்த்துவதற்குள் அது காட்டுக்குள் போய்விட்டது. உயர்த்தியிருந்தாலும் மாக்ரோ லென்ஸுக்கு அது எட்டாது. வாயைப் பிளந்து பார்த்ததோடு சரி.

இந்தச் சமயத்தில் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொண்டேன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர்; 1950 முதல் 1996-இல் காலமாகும் வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி இடைவிடாமல் எழுதியவர். தாமே சேர்த்து அமைத்த ஒரு பூதாகாரமான காமிராவைத் தூக்கிக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டு யானைகளைப் படம் எடுத்தார். அவர் யானையைத் தேடி நடந்தார். நான் நாலு அங்குலப் பூச்சிக்குத் தவழ்கிறேன். பொறுமை என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான். என்னிடம் குறைச்சலாக இருந்ததும் அதுதான்.

செண்பகத்தோப்பில் ஒரு துண்டு

மத்தியானம் செண்பகத்தோப்பு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலை காலை நீட்டியிருக்கிற இடம். இங்கேயிருந்துதான் காடு. நரை அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து, 1,016 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள புலிகள் காப்பகம் ஆயிற்று. தமிழ்நாட்டில் ஐந்தாவது, இந்தியாவில் 51-ஆவது. சோதனைச் சாவடிக்கு அப்பால் நினைத்தபடி போக முடியாது, போகவும் கூடாது. சாவடிக்கு இப்பால் தோப்புகளின் ஓரத்திலேயே எங்களுக்கு வேலை இருந்தது.

வேலியோரத்து உண்ணிச் செடிப் பூவில், அசல் சிவப்புடல் அழகி! பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கழுத்தும் வயிறும் இரத்தச் சிவப்பு. பூவில் உட்கார்ந்த பிறகும் முன் சிறகு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. அவசரம் இல்லை, பயம் இல்லை. நஞ்சு இருக்கிறவளுக்கு என்ன பயம்? ஆனால் அந்தப் படபடப்பில் எனக்கு ஒரு படம் கூடத் தெளிவாக விழவில்லை. அரை மணி, ஒரு மணி. முட்டி சிராய்த்துவிட்டது. வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

தோப்புக் காவல்காரரின் பையன், பத்து வயது இருக்கும், என்னையே பார்த்துக்கொண்டு நின்றவன் கேட்டான்: "அக்கா, பிடிச்சுத் தரவா?"

நான் பதில் சொல்லவில்லை. அதுதான் என் தப்பு. வேண்டாம் என்று சொல்ல இரண்டு விநாடி ஆகியிருக்காது. சொல்லவில்லை. தோளில் இருந்த துண்டை வீசினான். ஒரே வீச்சு! பெருமையோடு விரல்களில் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இந்தாங்க. இப்ப எடுங்க, பறக்காது."

உண்மையாகவே அருமையான காட்சி. சாய் வெயில், ஆடாத சிறகு, சிவப்பு உடல். லென்ஸை நீட்டினால் ஒரு நிமிஷ வேலை. கை தானாகக் காமிராவை உயர்த்தியது. கண்ணாடிக்குள் பார்த்தேன். பையனின் கட்டை விரல் தெரிந்தது. அதன் ரேகைகளில் கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது. அந்தப் பொடிதான் வண்ணத்துப்பூச்சியின் வண்ணம். ஓட்டு வீட்டுக் கூரை போலச் சிறகின் மேல் அடுக்கடுக்காகச் செதில் வேய்ந்திருக்கிறது, தொட்டால் உதிரும், உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் விரலிலும் அதே பொடி இருந்தது.

"விட்டுடு, தம்பி."

"படம்?"

"வேண்டாம். விட்டுடு."

பையனுக்கு ஏமாற்றம். விரலைத் திறந்தான். அது விழுவது போலச் சரிந்து, சமாளித்து, வேலியைத் தாண்டிப் போயிற்று. ஒரு சிறகின் ஓரம் கிழிந்திருந்தது. ஆசிரியர் பையனின் தோளில் கை வைத்து, "பறக்கிறது பார், பிழைத்துக்கொள்ளும்" என்றார். பிறகு அவனிடம், விரலில் ஒட்டிய பொடியை என் லென்ஸ் வழியாகப் பார்க்கச் சொன்னேன். ஒரு நிமிஷம் மூச்சு விடாமல் பார்த்தான். "பூச்சி மேலே இம்புட்டு ஓடு இருக்கா?" என்றான். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

அன்றிரவு ஆசிரியருக்கு ஆசிரியரான எங்கள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து செய்தி: "படம் கிடைத்ததா?"

ஞாயிற்றுக்கிழமை காலை

கிடைக்கவில்லை. மறு நாள் இரவு ரயில். விடிந்தும் விடியாமலும் கொல்லைப்புறம் போய் முகம் கழுவினேன். கறிவேப்பிலை மரம் நனைந்து நின்றது. பெரியம்மா சொன்னது பொய்யில்லை. இலையெல்லாம் அரிபட்டுக் கிடந்தது. காக்கை எச்சம் போல ஒன்று இலையில் ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தேன். எச்சம் நகர்ந்தது!

அதுதான் புழு. சின்ன வயதில் எச்சம் போல வேஷம். வளர்ந்த பிறகு இலைப் பச்சை. பக்கத்துக் கிளையில் ஒரு பச்சைக்காரன் இருந்தான். இலையால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி இரட்டைக் கொம்பு ஒன்றைச் சிவப்பாக நீட்டினான். கூடவே குப்பென்று ஒரு வாசனை. பயமுறுத்துகிறாராம்!

பெரியம்மா காப்பி டம்ளரோடு வந்தார். "பார்த்தியா அநியாயத்தை? பத்து மணிக்கு மருந்தடிக்கிறவன் வர்றான்."

அப்போதுதான் வெயில் மதிலைத் தாண்டி மரத்து உச்சியில் விழுந்தது. செம்பருத்திச் செடி மறைவிலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பி வந்தது. பின் சிறகில் சிவப்புப் புள்ளி. உடம்பு? நான் காமிராவோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அது இலை இலையாகத் தொட்டுப் பார்த்தது. வண்ணத்துப்பூச்சி காலால் ருசி பார்க்கும் என்பது உங்களுக்குத் தெரியுமா? சந்தையில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி ஒவ்வோர் இலையாகத் தட்டிப் பார்த்தது. ஒரு கொழுந்து இலை பிடித்துப்போயிற்று. நின்றது. வயிற்றை வில்லாக வளைத்தது.

கறுப்பு வயிறு.

என் கைக்கு ஒரு முழத் தூரம். நேற்று உட்கார்ந்த இடத்தில் நிற்காத பூச்சிகளைத் துரத்தியவள் இன்று துரத்தவில்லை. தாழ்ந்து, மூச்சை அடக்கி, ஓர் அங்குலம் முன்னால் போனேன். எல்லா ஊரையும் ஏமாற்றிச் சிவப்புடல் அழகியாக உலவுகிறவள், இந்த ஓர் இலையில் மட்டும் தான் யார் என்று சொல்லியாக வேண்டும். ஆடுதீண்டாப்பாளையில் முட்டை வைத்தால் அவள் குழந்தை பிழைக்காது. கறிவேப்பிலைக்கு வந்தால்தான் பிழைக்கும். உடுப்பில் பொய் சொல்லலாம். பிள்ளைக்கு ஊட்டுவதில் பொய் சொல்ல முடியாது.

நாலு முறை பொத்தானை அழுத்தினேன். அவள் எழும்பி, எங்கள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, மதிலைத் தாண்டிப் போனாள். இலையில் கடுகளவு கூட இல்லாத மஞ்சள் உருண்டை ஒன்று மிஞ்சியது.

பெரியம்மா காப்பியை ஆற விட்டுவிட்டு, என் காமிராவின் பின்புறத்தில் அந்த முட்டையைப் பெரிதாகப் பார்த்தார். முத்து மாதிரி இருந்தது. ரொம்ப நேரம் பேசவில்லை.

"இவ்வளவு மரத்தையும் விட்டுட்டு, எங்க வீட்டு மரத்திலே வந்து வச்சிருக்காளே."

பத்து மணிக்கு மருந்துத் தெளிப்பான் வந்தான். பெரியம்மா அவனுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலும்...

இந்தப் படத்தை எடுக்க நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும் என்பதில்லை. மாடியில் ஒரு தொட்டிக் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் போதும். எருக்கு இருந்தால் வெந்தய வரியன் வரும். கொன்றை இருந்தால் மஞ்சள்காரர்கள் வருவார்கள். விலை உயர்ந்த காமிராவும் கட்டாயமில்லை, செல்போனே போதும். முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குள் போங்கள். உங்கள் நிழலைப் பின்னால் விட்டுவிட்டுப் போங்கள். கண்ணைக் குறி வையுங்கள். பூச்சிமருந்தை மட்டும் அந்தச் செடிக்கு அடிக்காதீர்கள். தாளிப்புக்குக் கொஞ்சம் இலை குறையும், அவ்வளவுதான். கையால் பிடிக்காதீர்கள், ஐஸ் பெட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதை நான் செய்து பார்த்தாயிற்று.

வீட்டுக்குத் திரும்பியதும் கூடத்துப் படத்தைக் கழற்றினேன். புதுப் படத்தை மாட்டினேன். உள்ளபடி சொன்னால் பழைய படம்தான் அழகு. புதுப் படத்தில் ஓர் இலை குறுக்கே வருகிறது. ஒரு சிறகு மங்கல். அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இனிமேலும் மறைப்பதில் அர்த்தமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா பழைய படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தபடியே சொன்னாள்: "எனக்கு அன்னிக்கே தெரியும். ஐஸ் பெட்டியிலே ஒட்டியிருந்த கறுப்புப் பொடியைத் துடைச்சது யாருன்னு நினைச்சே? நீயா சொல்லணும்னு இருந்தேன்."

ஒரு மாதம் கழித்துப் பெரியம்மா போன் செய்தார். காலையில் கூடு வெடித்து ஒன்று வெளியே வந்ததாம். சிறகு உலரும் வரை வாசலுக்குக் கூடப் போகாமல் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம்.

"சிவப்புப் புள்ளி இருந்ததா, பெரியம்மா?"

"இல்லை. கறுப்பிலே வெள்ளை வரிசை. பையனோ, இல்லே வேஷம் போட இஷ்டமில்லாத பொண்ணோ, யார் கண்டா? நல்லாப் பறந்து போச்சு."